இன நிரலும் வம்சமும்: இலங்கைக் குடிசனமதிப்பு பற்றிய ஒரு விசாரணை

1. வினாவின் எல்லை

களனி கங்கையின் முகத்துவாரத்துக்கு வடக்கே, மேற்கில் கடலும் கிழக்கில் பழைய கால்வாயும் எல்லையாக நீண்டு கிடக்கும் ஹெந்தளையில், சிங்களம் பேசும் கத்தோலிக்கரும், கொட்டாஞ்சேனையின் நெருக்கடி தாங்காது ஆற்றைக் கடந்து வந்த தமிழ்க் கத்தோலிக்கரும், போர்க்காலத்தில் வடக்குக் கிழக்கிலிருந்து வந்து குடியமர்ந்த சைவரும், தோட்டப்புறங்களிலிருந்து தொழில் தேடி வந்தோரின் பிள்ளைகளும், சோனகரும், மலாயரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கின்றனர். குடிசனமதிப்புக் காலத்தில் உத்தியோகத்தர் படிவத்தோடு படலையில் வந்து நிற்க, இனம் என்ற நிரலுக்கு வீட்டார் ஒரு விடையைச் சொல்ல, அவ்விடை எண்ணாகி, எண் மாவட்ட அட்டவணையில் ஏறிச் சதவீதமாகி, சதவீதம் பாராளுமன்ற விவாதத்திலும் பாடநூலிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் அந்த மக்களின் பூர்வீகத்துக்கே பிரமாணமாக எடுத்தாளப்படுகிறது. அவ்வாறு எடுத்தாளுதல் தகுமா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் விஷயம்.

ஒரு தேசத்தின் மக்களைச் செம்மையாகப் பதிவு செய்தல் என்னும்போது மூன்று வேறு காரியங்கள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன. மக்கள் எத்தனை பேர் என்று அறிவது ஒன்று. அவர்கள் தம்மை எந்தக் கூட்டத்தாராகக் கருதுகின்றனர் என்று அறிவது மற்றொன்று. அவர்களுடைய முன்னோர் யார், எங்கிருந்து வந்தோர் என்று அறிவது மூன்றாவது. முதலாவதைக் குடிசனமதிப்பு நன்றாகச் செய்யும். இரண்டாவதை, வினா தெளிவாக இருந்தால், ஓரளவு செய்யும். மூன்றாவதைச் செய்ய அதற்குச் சாதனமே இல்லை. இலங்கையின் நூற்றைம்பது ஆண்டுக் கணக்கு வரலாற்றில் நேர்ந்த குழப்பங்கள் பலவும், இரண்டாம் வினாவுக்குக் கிடைத்த விடையை மூன்றாம் வினாவின் விடையாக வாசித்ததனால் விளைந்தவையே என்பது, கீழே காட்டப்படும் சான்றுகளால் புலப்படும்.

2. தோம்பு முதல் தொகைமதிப்பு வரை

மேற்குக் கரையில் மக்களை எழுதிவைக்கும் வழக்கம் ஆங்கிலேயரோடு தொடங்கியதன்று. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்களையும் வருமானங்களையும் தோம்பு எனப்பட்ட பதிவேடுகளில் எழுதினர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர், ஹெந்தளை அடங்கிய அளுத்கூரு கோரளை உட்பட, கொழும்புத் திசாவனி முழுவதற்கும் நிலத்தோம்பு, குடித்தோம்பு என இருவகை ஏடுகளைத் தயாரித்தனர். குடித்தோம்பில் குடும்பத் தலைவன், மனைவி, மக்கள், உடன்பிறந்தார் ஆகியோரின் பெயரும், அவர்களுடைய சாதியும், அச்சாதிக்குரிய இராஜகாரியக் கடமையும் காணப்படும். கறுவா உரிப்பவன் யார், மீன்வரி கட்டுபவன் யார், கூலியின்றி ஊழியஞ் செய்யவேண்டியவன் யார் என்று அறிவதே அந்த அரசின் தேவை. ஆதலின் தோம்பு அதையே நுணுக்கமாகச் சொல்கிறது. சிங்களவர் எத்தனை பேர், தமிழர் எத்தனை பேர் என்று அதனிடம் கேட்பது, அது கேளாத வினாவுக்கு அதனிடம் விடை தேடுவதாகும்.

சமயத்தைப் பற்றிய பதிவும் இவ்வாறே எச்சரிக்கையோடு நோக்கத்தக்கது. ஒல்லாந்த அரசு தன் திருச்சபையின் ஞானஸ்நானத்தையும் விவாகப் பதிவையுமே சட்டப்படி அங்கீகரித்தமையால், சொத்துரிமையும் சந்ததியின் உரிமையும் கெடாதிருக்கும்பொருட்டு, மனத்தளவில் கத்தோலிக்கராய் இருந்தவரும் அந்த ஏடுகளில் தம் பெயரைப் பதிவித்தனர். எழுத்தர் தவறாக எழுதவில்லை; எனினும் அவ்வேட்டைக் கொண்டு அவர்களுடைய விசுவாசத்தை அளப்பவர் தவறிழைப்பர்.

ஆங்கிலேயர் 1824 இல் எடுத்து 1827 இல் வெளியிட்ட கணக்கு 851,940 பேரைக் காட்டி, அவர்களைப் பெரும்பாலும் சாதிவாரியாகவே வகுத்தது. நவீன முறையிலான முதற் குடிசனமதிப்பு 1871 மார்ச் 27 இல் நடைபெற்று 2,400,380 பேரை எண்ணியது. அம்மதிப்பில் 24 இனங்களும் 78 தேசியங்களும் இடம்பெற்றன. சிங்களவரும் தமிழரும் இரு பட்டியலிலும் காணப்பட்டனர். பத்தாண்டு கழித்து 1881 இல் இனங்கள் ஏழாகச் சுருங்கிவிட்டன. பத்தாண்டுக்குள் இலங்கையில் பதினேழு இனங்கள் அழிந்துபோயின என்று எவரும் கருதார், அட்டவணைதான் மாறியது. பொன்னம்பலம் அருணாசலம் பொறுப்பேற்று நடத்திய 1901 மதிப்பில் சிங்களவர் கரைநாட்டார், கண்டியர் என இரண்டாயினர். டென்ஹாம் நடத்திய 1911 மதிப்பில் தமிழரும் இரண்டாகி, இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 528,000 என்றும் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 531,000 என்றும் கணக்கிடப்பட்டனர்.

இவ்வகுப்புகள் ஏட்டோடு நின்றிருந்தால் விவாதத்துக்கு இடமிராது. 1833 இல் நிறுவப்பட்ட சட்டநிரூபண சபையில் சிங்களவர், தமிழர், பறங்கியர் என்ற வகுப்புக்கு ஒருவராக உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் நியமிக்கப்பட்டனர்; 1889 இல் கண்டியருக்கும் சோனகருக்கும் தனித்தனி ஆசனம் கிடைத்தது. டொனமூர் அரசியல் திட்டத்தின்கீழ் 1931 இல் வகுப்புவாரித் தொகுதிகள் நீங்கியபோதிலும், 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், ஒரு மனிதனின் முன்னோர் எங்கே பிறந்தனர் என்ற வினாவை அவனுடைய வாக்குரிமையோடு பிணைத்துவிட்டன. எந்த அரசு எந்தப் பயனைக் கருதி எண்ணியது என்பதை அறியாமல் எந்த எண்ணையும் சரித்திரச் சான்றாகக் கொள்ளலாகாது.

3. நிலவிவரும் கருத்துகள்

இவ்விஷயத்தில் மூன்று வகையான அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. இன அட்டவணை, கண்ணாடியில் முகம் தோன்றுவதுபோல, உள்ளதை உள்ளவாறே காட்டுகிறது என்பது முதலாவது. அரசியல் மேடைகளிலும் பாடசாலைகளிலும் இதுவே வழங்குவது. இதன் பலம், நிர்வாகத்துக்கு ஏதேனும் ஓர் எண் வேண்டும் என்ற நியாயமான தேவையில் உள்ளது.

குடியேற்ற ஆட்சியின் கணக்கெடுப்பே, நெகிழ்ந்து கிடந்த சமூக உறவுகளை இறுகிய வகுப்புகளாக்கியது என்பது இரண்டாவது. இந்தியக் கணக்கெடுப்பைப் பற்றி பெர்னாட் கோன் முன்வைத்த வாதமும், கணக்கெடுப்பு, தேசப்படம், நூதனசாலை ஆகிய மூன்றையும் ஒருசேர வைத்து பெனடிக்ட் அண்டர்சன் ஆராய்ந்த ஆராய்ச்சியும், இலங்கையின் இன அரசியலைப் பற்றி நிரா விக்கிரமசிங்க 1995 இல் வெளியிட்ட நூலும் இவ்வழியில் நிற்பவை. 1871 க்கும் 1881 க்கும் இடையே நேர்ந்த சுருக்கம் இவ்வாதத்துக்கு நல்ல ஆதாரமாகும். ஆயினும், கணக்கெடுப்பே இனங்களைப் படைத்தது என்று முடிப்பது மிகையாகும். தமிழ், சிங்களம் என்ற வேறுபாட்டுணர்வு ஆங்கில உத்தியோகத்தர் வருமுன்னரே நெடுங்காலம் வளர்ந்து வந்தது.

மூன்றாவது, 2005 இல் வெளிவந்த நூலில் கா. இந்திரபாலா விரிவாக எடுத்துக்காட்டிய கருத்து. இன அடையாளம் என்பது வெளியிலிருந்து ஆயத்தமாக வந்திறங்கிய மக்களின் உடைமையாக இராமல், இத்தீவிலேயே வாழ்ந்த மக்களிடையே மொழி, சமயம், வணிகம், ஆட்சி ஆகியவற்றின் தொடர்பால் காலப்போக்கில் உருவானது என்பது அதன் சாரம். நமது விசாரணைக்கு இதுவே துணையாகிறது. அடையாளம் காலத்தோடு உருவாவதாயின், அது காலத்தோடு மாறவுங் கூடும். மாறுவதைப் பத்தாண்டுக்கொருமுறை நிறுத்தி எழுதுவதே குடிசனமதிப்பின் வேலை. கணக்கெடுப்பு புதிதாகச் செய்தது, ஒருவருக்கு ஓர் இனமே இருக்கலாம், அது பிறரின் இனத்தோடு கலவாது என்ற நிபந்தனையை விதித்ததாகும்.

4. எண்களின் சாட்சியம்

முதற் சான்று வேடர். 1911 இல் 5,332 பேராக எண்ணப்பட்ட வேடர், 1946 இல் 2,361 பேராகவும் 1953 இல் 803 பேராகவும் காட்டப்பட்டனர். ஏழே ஆண்டில் ஒரு மக்கள் கூட்டம் மூன்றில் ஒரு பங்காகச் சாவது கொள்ளைநோயாலன்றி நேராது. அக்காலத்திலோ மலேரியா ஒழிப்பினால் நாடெங்கும் மரணவீதம் வீழ்ந்துகொண்டிருந்தது. வேடரின் சந்ததியார் உலர்வலயக் கிராமங்களில் சிங்களவராகவும், வாகரையை அடுத்த கிழக்குக் கரையில் தமிழ் பேசுவோராகவும் அயலாரோடு கலந்து வாழ்ந்தமையால், கேட்போரின் கண்ணுக்கும் சில வேளை சொல்வோரின் வாய்க்கும் அந்தப் பெயர் அகப்படாமற் போயிற்று. அநுராதபுர மாவட்டத்து வேடக் கிராமங்களை ஆராய்ந்த ஜேம்ஸ் புரோ, பிழைப்பிலும் பேச்சிலும் அயலாரிடமிருந்து பெரிதும் வேறுபடாத விவசாயிகள் தம்மை வேடர் என்றே சொல்லிக்கொள்வதை எடுத்துக்காட்டினார். அருகிவிட்டது அப்பெயரை ஏற்கும் அட்டவணையே, அம்மக்கள் இருக்கின்றனர்.

இரண்டாம் சான்று தமிழரின் இரு வகுப்புகள். 1971 இல் 1,423,981 பேராக இருந்த இலங்கைத் தமிழர் 1981 இல் 1,886,872 பேராயினர். இது ஏறத்தாழ 32 சதவீத வளர்ச்சி. அதே பத்தாண்டில் நாட்டின் மொத்தச் சனத்தொகை 17 சதவீதமே பெருகிற்று. இந்தியத் தமிழரோ 1,174,606 இலிருந்து 818,656 ஆகக் குறைந்தனர். 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி பல்லாயிரம் குடும்பங்கள் இராமானுஜம் என்ற கப்பலேறி இந்தியா சென்றமை இக்குறைவின் பெரும்பகுதியை விளக்கும். எனினும் இலங்கைத் தமிழர் தொகை நாட்டின் சராசரியைப் போல இருமடங்கு வேகத்தில் வளர்ந்ததை அது விளக்காது. பிரசாவுரிமை பெற்றவரும், வன்னியில் சென்று குடியேறியவரும், நகரங்களில் தொழில் பெற்றவரும் ஒரு நிரலிலிருந்து மற்ற நிரலுக்குப் பெயர்ந்தனர் என்று கொண்டாலே கணக்கு நேராகிறது.

அண்மைக்காலத்து எண்கள் இதை இன்னும் தெளிவாக்குகின்றன. 2012 இல் மொத்தச் சனத்தொகையில் இலங்கைத் தமிழர் ஏறத்தாழ 11.1 சதவீதமும் இந்தியத் தமிழர் 4.1 சதவீதமும் ஆவர். 2024 மதிப்பில் முன்னவர் 12.3 சதவீதமாக உயர, இந்தியத் தமிழர் அல்லது மலையகத் தமிழர் என்று பெயரிடப்பட்ட வகுப்பு 2.8 சதவீதமாகத் தாழ்ந்தது. இரண்டையும் கூட்டினால் முன்னர் 15.2, பின்னர் 15.1. நாடு கடத்தும் ஒப்பந்தங்கள் முடிந்து பல தசாப்தங்கள் கடந்தபின் நேர்ந்த இம்மாற்றத்தில், கூட்டுத்தொகை ஏறக்குறைய அசையாது நிற்க, இடையிலுள்ள கோடு மட்டும் நகர்ந்திருக்கிறது. கோடு நகர்வதற்குக் காரணங்கள் உண்டு. இந்தியத் தமிழர் என்ற பெயர் நாற்பதாண்டு காலம் நாடற்றவர் என்பதற்கு ஈடாக வழங்கியது. அப்பெயரைப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பிள்ளைக்கு எழுதுவிக்கத் தகப்பன் தயங்குவது இயல்பு. மலையகத் தமிழர் என்ற பெயரோ, இருநூறாண்டு உழைப்பினால் இம்மண்ணில் ஈட்டிய உரிமையைச் சொல்வதாகையால், அம்மக்களின் அரசியல் ஸ்தாபனங்கள் அதைப் பதிவு செய்யுமாறு வேண்டின. ஒரே வம்சத்தில் தமையன் ஒரு நிரலிலும் தம்பி மற்றொரு நிரலிலும் இருப்பின், இருவரும் பொய் சொல்லவில்லை.

மூன்றாம் சான்று கொழும்புச் செட்டிகளும் பரதரும். முன்னைய மதிப்புகளில் தனி இனமாக வெளியிடப்படாத இவ்விரு சமூகத்தாரும் 2001 இல் தனித்தனியே எண்ணப்பட்டபோது, செட்டிகள் 10,800 பேர் என்றும் பரதர் 1,773 பேர் என்றும் காட்டப்பட்டனர். 2012 இல் செட்டிகளின் தொகை அதில் பாதிக்குச் சற்றே மேற்பட்டதாக இறங்கியது. பதினோராண்டில் ஒரு சமூகம் பாதியாவது பிறப்பு இறப்புக் கணக்கால் ஆகத்தக்கதன்று. யார் அந்தப் பெயரைச் சொன்னார், யார் சொல்லாது விட்டார் என்பதாலேயே ஆகத்தக்கது. 1807 இல் கற்பிட்டியில் அச்சமூகத்தில் பிறந்து, 1834 இல் இலங்கையின் விபரத் தொகுதியை ஆங்கிலத்தில் வெளியிட்டு, 1859 இல் தமிழ்ப் புலவர்களின் சரித்திரத்தைத் 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரால் தொகுத்த சைமன் காசிச்செட்டியை எந்த நிரலில் எழுதுவது? 1981 இன் விதி வேறு, 2001 இன் விதி வேறு. அவருடைய முன்னோர் மட்டும் அன்றும் இன்றும் ஒருவரே.

5. மேற்குக் கரையின் வழக்கு

இச்சான்றுகள் யாவும் ஒருங்கே குவியும் இடம், ஹெந்தளையில் தொடங்கி நீர்கொழும்பு, சிலாபம் வழியாகக் கற்பிட்டி வரை செல்லும் கடற்கரை. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இக்கரையில் மறைந்தும் திரிந்தும் ஊழியஞ் செய்து 1742 இல் போலவத்தையில் மறைந்த கோவாப் பாதிரியார் யாக்கோமே கொன்சால்வெஸ், தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றவேண்டியிருந்தது என்பதே, அவருடைய மந்தை இருமொழி மந்தை என்பதற்குப் போதிய சான்றாகும். இரு நூற்றாண்டு கழித்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஆரம்பக் கல்வி தாய்மொழியிலேயே என்ற கொள்கை வந்தபோது, எது தாய்மொழி என்று ஒவ்வொரு பங்கும் ஒவ்வொரு பாடசாலையும் தீர்மானிக்க நேர்ந்தது. சிலாப மறைமாவட்டத்தில் ஆயர் எட்மண்ட் பீரிஸின் காலத்தில் கரையோரப் பங்குகளின் பாடசாலைகளும் வழிபாடும் சிங்களத்துக்குத் திரும்பியதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். 1960 களின் தொடக்கத்தில் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும் அம்மாற்றம் நிலைபெற்றது.

விளைவு யாதெனில், நீர்கொழும்பின் மீனவர் சிலர் வீட்டிலும் வள்ளத்திலும் இன்றும் ஒருவகைத் தமிழ் பேசுகின்றனர். ஸ்டீவன் பொன்டா 2008 இல் ஆராய்ந்து வெளியிட்ட அத்தமிழ், சிங்களத்தின் நெருங்கிய தொடர்பால் வினைமுற்றின் விகுதிகள் வரை மாறியது. அவர்கள் சிங்களத்தில் கல்வி கற்றவர், கோயிலில் சிங்களத்தில் செபிப்பவர், படிவத்தில் சிங்களவர். பெயரோ பெர்னாண்டோ, அப்பெயரைத் தூத்துக்குடிப் பரதவரும், கொழும்புப் பரதரும், மொறட்டுவைச் சிங்களவரும் ஒருங்கே தரித்துள்ளனர். இவர்கள் உண்மையில் தமிழரே என்று தமிழ் எழுத்தாளர் சிலர் உரிமை கொண்டாடுவதும், இவர்கள் என்றுமே சிங்களவர் என்று மறுபுறத்தார் சாதிப்பதும் ஒரே பிழையின் இரு முகங்கள். முன்னோரின் மொழியைக் கொண்டு பேரனின் இனத்தை விதிப்பது முன்னவரின் பிழை. பேரனின் விடையைக் கொண்டு முன்னோரின் மொழியை மறைப்பது பின்னவரின் பிழை. படிவத்தில் அம்மீனவர் தந்த விடை உண்மை. அவருடைய வள்ளத்தில் வழங்கும் மொழியும் உண்மை. இரண்டாவதைக் கேட்க ஒரு நிரல் இல்லாமையே குறை. 2012 மதிப்பு பேசவும் எழுதவும் வாசிக்கவும் வல்ல மொழிகளைக் கேட்டதேயன்றி, வீட்டில் முதலிற் கற்ற மொழியைக் கேட்கவில்லை. இந்தியாவோ 1881 முதலே தாய்மொழியைத் தனி வினாவாகக் கேட்டு வருகிறது.

6. வம்சத்தை வேறு வழியால் அறியலாமோ?

குடிசனமதிப்பு சொல்லாததை ஏடுகளும் விஞ்ஞானமும் சொல்லும் என்பாருளர். ஏடுகளுள் ஒன்று 'முக்கர ஹட்டன'. காஞ்சிபுரம், காவேரிப்பட்டினம், கீழக்கரை ஆகிய இடங்களிலிருந்து வந்த படையினர் கோட்டை மன்னனின் பொருட்டு முக்குவரோடு போரிட்டு, வெற்றிக்குப் பரிசாக இக்கரையில் நிலமும் விருதும் பெற்றதாக அது கூறும். கராவ சமூகத்தாரின் பூர்வீகத்துக்கு இது அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. தென்னிந்தியத் தொடர்பின் நினைவு அச்சமூகத்தில் உயிரோடிருந்தது என்பதற்கு அது சான்றாகும். நிலத்துக்கும் விருதுக்கும் உரிமை நாட்டவே அது இயற்றப்பட்டமையால், ஒரு சமூகம் முழுவதன் வம்சாவளியாக அதைக் கொள்ள இயலாது.

இனவியல் வாதங்களும் பயன் கருதாது எழுவது அரிது. பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் றோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையில் சோனகரின் இனவியலைப் பற்றிக் கட்டுரை வாசித்து, மொழியையும் வழக்கங்களையும் காட்டி, அவர்கள் இனத்தால் தமிழரே என்று முடிவு கூறியபோது, அவரே சட்டநிரூபண சபையில் தமிழ் அங்கத்தவர். சோனகருக்குத் தனி ஆசனம் வழங்குவது பற்றிய பேச்சும் அக்காலத்திலேயே எழுந்திருந்தது. ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907 இல் எழுதிய மறுப்பு, அரபு வணிகரின் வழித்தோன்றல் என்ற மரபை முன்வைத்தது. ஒருவர் மொழியை அளவுகோலாக்க, மற்றவர் தந்தைவழியை அளவுகோலாக்கினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் அனைவரும் தமிழினத்தாராக விரும்புவர் என்ற எதிர்பார்ப்பு அன்றே பொய்த்தது.

மரபணு ஆராய்ச்சி இவ்வழக்கைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் அளவோடு கொள்ளத்தக்கது. 2014 இல் வெளிவந்த தாய்வழி மரபணு ஆய்வு, வேடர் குழுக்கள் ஓரளவு தனித்து நிற்பதையும், ஏனைய இலங்கையர் தாய்வழிக் கிளைகளைப் பெரிதும் பகிர்ந்துகொள்வதையும் காட்டியது. பண்டைக்காலக் கலப்பை அறிய இது பெரும் பயன் தருவது. ஆயினும் இரத்த மாதிரி எடுக்குமுன் ஆராய்ச்சியாளர் ஒருவரை எவ்வாறு சிங்களவர் என்றோ தமிழர் என்றோ வகுத்தார்? அவரையே கேட்டுத்தான். ஆகவே ஆய்வுகூடமும் அதே இன நிரலிலிருந்தே புறப்படுகிறது. தான் புறப்பட்ட இடத்தைத் தானே நிரூபிக்க அதனால் முடியாது.

7. எண்ணப்படுவோரின் அச்சம்

செம்மையைப் பற்றிப் பேசுவோர், எண்ணப்படுவதால் நேரும் அபாயத்தையும் நிறுத்துப் பார்க்கவேண்டும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தன என்பது பலராலும் பதிவு செய்யப்பட்ட செய்தி. 2007 ஜூன் மாதத்தில் வெள்ளவத்தை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டனர். உயர்நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்தது. மறு ஆண்டு, வடக்கிலிருந்து வந்து மேல்மாகாணத்தில் வசிப்போர் தம்மைப் பதிவு செய்துகொள்ளுமாறு பணிக்கப்பட்டனர். இவ்வநுபவங்களைக் கடந்து வந்தவர் வாசலில் நிற்கும் உத்தியோகத்தரிடம் எத்தனை பேர், எவ்வூரவர் என்று சொல்லும் விடை, அவருடைய பூர்வீகத்தைச் சார்ந்ததைக் காட்டிலும் அவருடைய பாதுகாப்பைச் சார்ந்ததாகவே இருக்கும். குடிசனமதிப்பு விபரங்கள் இரகசியமாய்க் காக்கப்படும் என்று சட்டம் சொல்வது உண்மை. கணக்கெடுப்பாளரும் காவற்படையினரும் ஒரே வினாவைக் கேட்ட தெருவில் அவ்வுறுதிமொழி எளிதில் நம்பப்படுவதில்லை.

போர் கணக்கெடுப்பையே நிறுத்தியதும் உண்டு. 1981 க்குப் பின் 1991 இல் மதிப்பு நடைபெறவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மாத்திரமே முழுமையாக நடைபெற்றது. ஆகவே யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை 1981 க்கு அடுத்த முழுமையான மதிப்பு 2012 இன் மதிப்பே. இடைப்பட்ட முப்பத்தோராண்டில் யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 738,000 இலிருந்து 584,000 ஆகச் சுருங்கியிருந்தது. புறப்பட்டுப் போனவரோ வேறு வேறு விதிகளின்கீழ் எண்ணப்படுகின்றனர். கனடா ஒருவர் பல பூர்வீகங்களைச் சொல்ல இடமளிக்கிறது. பிரான்ஸ் இனவாரிக் கணக்கையே தவிர்க்கிறது. ஒரே தாயின் பிள்ளைகள் தொராந்தோவில் ஒரு விதமாகவும், பாரிஸில் இனமின்றியும், ஹெந்தளையில் இலங்கைத் தமிழராகவும் பதியப்படுவர்.

எல்லைகளும் நகர்கின்றன. ஹெந்தளை 1971 மதிப்பில் கொழும்பு மாவட்டத்தின் பகுதி. 1978 இல் கம்பகா மாவட்டம் தனியாகப் பிரிந்தமையால், 1981 முதல் இங்குள்ளோர் கம்பகாவின் கணக்கில் உள்ளனர். இதை மறந்து இரு மதிப்புகளையும் ஒப்பிடுபவர், வீட்டைவிட்டு அசையாத மக்களைக் குடிபெயர்ந்தவர் என்று முடிவு கட்டுவர்.

8. முடிபு

இவ்வளவு குறைகள் உள்ளமையால் இன நிரலையே நீக்கிவிடலாம் என்ற யோசனையும் உண்டு. லெபனான் 1932 க்குப் பின் குடிசனமதிப்பையே நடத்தாதிருப்பது, எண்ணாமை சமாதானம் ஆகாது என்பதற்குச் சாட்சி. எண் இல்லாதவிடத்து வதந்தி எண்ணாகும். சிறுபான்மையோர் தமக்குற்ற அநீதியை நிரூபிக்கவும் வழியற்றுப் போவர். கம்பகா மாவட்டத்தில் தமிழ்மொழிப் பாடசாலை எத்தனை வேண்டும் என்று கேட்பவருக்கு எண் வேண்டும்; அவருக்கு வேண்டிய எண், இனத்தின் எண்ணைக் காட்டிலும், தமிழில் கற்க விரும்பும் பிள்ளைகளின் எண்.

ஆகவே செம்மைக்கு வழி, வினாக்களைப் பிரிப்பது. தன்னை எவ்வினத்தவராகக் கருதுகிறார், வீட்டில் முதலிற் கற்ற மொழி எது, சமயம் எது, தன் குடும்பத்தின் பூர்வீகமாக எதைச் சொல்கிறார் என்னும் நான்கும் தனித்தனியே கேட்கப்படவேண்டும்; நான்காவது கட்டாயமாக இருத்தலாகாது. சிங்கப்பூர் 2011 முதல் இரட்டை இனப்பதிவுக்கு இடமளித்தது போல, கலப்பு மணத்திற் பிறந்தோர் ஒன்றுக்கு மேற்பட்ட விடை தர இடம் வேண்டும். ஒவ்வோர் அட்டவணையோடும், அவ்வாண்டில் உத்தியோகத்தருக்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தலும், முன்னைய மதிப்பிலிருந்து மாறிய வகுப்புகளும் எல்லைகளும் வெளியிடப்படவேண்டும். சிறு சமூகங்களின் எண்களைக் கிராம சேவகர் பிரிவு வரை பிரித்து அச்சிடும்போது, ஆளை அடையாளங் காண ஏதுவாகாத வகையில் காத்தலும் வேண்டும்.

இவை யாவும் செய்யப்படினும் வம்சம் என்பது தோம்பிலும், கோயில் ஏட்டிலும், உறுதியிலும், குடும்ப நினைவிலும், மரபணுவிலும் சிதறிக் கிடக்கும் வேறொரு விஷயம். அதைத் தேடுவது சரித்திராசிரியரின் தொழில். தொகைமதிப்புத் திணைக்களம், தான் கேட்ட வினாவுக்கு மக்கள் தந்த விடையை வழுவின்றி எண்ணித் தந்தால் தன் கடமையை முடித்ததாகும். அவ்விடையைத் தம் வழக்குக்குரிய சாசனமாக்கி, இவர் உண்மையில் இன்னார் என்று பிறருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை, அட்டவணையை வாசிக்கும் அரசியல்வாதிக்கும் இல்லை, ஆராய்ச்சியாளருக்கும் இல்லை.